இடைத்தூரத்துத் துவக்கு

யாழ்ப்பாணக் கோட்டைக்கும் நகரத்துக்கும் இடையே கிடக்கும் முற்றவெளியில் மாலை வேளைகளில் காற்று வாங்க வருவோர், அந்த வெளி ஏன் வெளியாகவே விடப்பட்டது என்று சிந்திப்பது அபூர்வம். 1658 இல் போர்த்துக்கேயரிடமிருந்து கோட்டையைக் கைப்பற்றி, 1680 அளவில் அதனை ஐங்கோண வடிவத்தில் புதிதாக எழுப்பத் தொடங்கிய ஒல்லாந்தர், அக்கால ஐரோப்பியக் கோட்டைச் சாஸ்திரத்தின் பொதுவிதியைப் பின்பற்றியே கட்டினார்கள். கொத்தளத்தில் நிற்கும் காவலனுடைய துவக்கு எவ்வளவு தூரம் பாயுமோ, அவ்வளவு தூரத்துக்கேனும் மரமும் வீடும் மறைக்காத வெறுநிலம் முன்னே இருக்கவேண்டும் என்பது அவ்விதி; ஒரு கொத்தளத்துக்கும் அடுத்த கொத்தளத்துக்கும் இடையிலான மதிலின் நீளத்தையும் அதே கணக்குத்தான் நிர்ணயித்தது. ஆயுதத்தின் எட்டுதூரம் நிலத்தின் உருவத்தை வகுத்துவிடுகிறது. இந்த அத்தியாயத்தில் நாம் ஆராயப் புகும் துவக்கையும் அவ்வாறே, உலோகமும் மரமும் சேர்ந்த ஒரு பொருளாக மட்டுமன்றி, ஒரு குறிப்பிட்ட தூரத்தின் சிருஷ்டியாகவும் நோக்கினாலன்றி அதன் தன்மை விளங்காது.

ஒல்லாந்தக் காவலனுடைய துவக்கின் குழாய் உள்ளே வழுவழுப்பானது. அதிலிருந்து புறப்பட்ட ஈயக் குண்டு, குழாயின் சுவரில் இங்குமங்கும் உரசி, எந்த அச்சில் சுழலும் என்று எவராலும் சொல்லமுடியாதபடி சுழன்று சென்றபடியால், 100 மீற்றருக்கு அப்பால் நின்ற ஒரு தனிமனிதனைக் குறித்து அடிப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டத்தின்பாற்பட்டதாகவே இருந்தது. 1740 களில் ஆங்கிலேயக் கணித அறிஞர் பெஞ்சமின் றொபின்ஸ், குண்டின் இந்த ஒழுங்கற்ற சுழற்சியே அதனைப் பக்கவாட்டில் இழுக்கிறது என்பதைப் பரிசோதனையால் காட்டினார். குழாயின் உட்சுவரில் திருகாகப் பள்ளங்கள் வெட்டி, குண்டு தான் செல்லும் திசையையே அச்சாகக் கொண்டு சுழலும்படி செய்தால் அது நேர்நின்று பறக்கும் என்பது துவக்குக் கம்மியர் அனுபவத்தால் முன்பே அறிந்திருந்த விஷயம். அதன் காரணம் இப்போதுதான் துலங்கியது. 1884 இல் பிரான்ஸ் தேசத்துப் போல் வியெய் புகையில்லாத வெடிமருந்தைக் கண்டுபிடித்தபின் சன்னத்தின் வேகம் பெருகி, பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் படைத்துவக்குகளின் குறிதகட்டில் 2000 மீற்றர் வரைக்கும் கோடுகள் கீறப்பட்டன. இலங்கைப் பொலிசாரின் கையில் நம் பெற்றோர் கண்ட .303 துவக்கு அந்த யுகத்தின் பிள்ளை.

ஆனால், இரண்டு உலக யுத்தங்களும் அந்தக் கோடுகளைப் பரிகசித்துவிட்டன. தூசியும் புகையும் பயமும் நிறைந்த களத்தில், சாதாரணப் படைவீரன் 300 மீற்றருக்கு அப்பால் எதிரியைக் காண்பதே அரிது, கண்டாலும் அவன் அடி தவறுவதே வழக்கம் என்று படைத்துறையினர் தெரிந்துகொண்டதன் பயனாக, சிறிய ரவையும் தொடர்ச்சூடும் கொண்ட இலகுவான துவக்குகள் தோன்றின. கலாஷ்னிக்கோவும் அதன் சீன வடிவமாகிய ரி-56 உம் இந்த இனத்தவை. இம்மாற்றம் மிகவும் நியாயமானதே. எனினும், 300 மீற்றருக்குள் நிகழும் நூறு சண்டைகளுக்காகத் துவக்கைக் குறுக்கியபோது, 300 க்கும் 800 க்கும் இடையில் எப்போதாவது நிகழும் ஒரு சண்டை அநாதையாக விடப்பட்டது. அத்தூரத்தில் ஓர் இயந்திரத் துவக்காளனோ, கட்டளையிடும் அதிகாரியோ தென்பட்டால், ரி-56 ஏந்திய பத்துப் பேர் சேர்ந்து சுட்டாலும் பயன் சொற்பம். பீரங்கியை அழைப்பதோ காலதாமதம்.

இந்த இடைவெளியை முதலில் உணர்ந்து, அதற்கென்றே ஒரு துவக்கைச் சமைத்து, அதனைக் காலாட்படையின் சிறு பிரிவுகளுக்குள்ளேயே நிரந்தரமாக வைத்தது சோவியத் படை. இஷெவ்ஸ்க் நகரத்து ஆயுதச் சாலையில், முதலில் போட்டிகளுக்கான குறித்துவக்குகளை வடிவமைத்துப் பெயர்பெற்ற எவ்கேனி ட்ரகுனோவ் என்பவரின் படைப்பு 1963 இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. மறைந்திருந்து தனியே வேட்டையாடும் சினைப்பரின் துவக்கும் இதுவும் ஒன்றென்று பலர் எண்ணுவதுண்டு. அது பொருந்தாது. சினைப்பர் தன் துணையோடு படையிலிருந்து பிரிந்து, ஒரு நாள் முழுவதும் ஒரு சூட்டுக்காகக் காத்திருப்பவன். அவனுடைய துவக்கு, ஒவ்வொரு முறையும் கையால் பூட்டி இழுத்து ரவையேற்றும் வகையினதாயினும் குற்றமில்லை. நாம் பேசும் குறிசூட்டாளனோ தன் பிரிவின் நடுவிலேயே ஓடி, அவர்களுடன் படுத்து, அவர்களுடன் எழுந்து, அவர்களுடைய எட்டுதூரம் முடியும் இடத்திலிருந்து தன் வேலையைத் தொடங்குபவன். ஆகவே அவனுக்கு வேகமும் வேண்டும், துல்லியமும் வேண்டும்; இவ்விரண்டும் இயல்பிலே ஒன்றுக்கொன்று பகை.

பகைமையின் காரணம் பௌதிகம். தானாகவே ரவையேற்றும் துவக்கு, வெடித்த வாயுவின் ஒரு பகுதியைக் குழாயிலிருந்து கடன் வாங்கி, அதைக்கொண்டு உள்ளிருக்கும் இரும்புத் தொகுதியைப் பின்னே தள்ளுகிறது. அந்த இரும்பு பாரமாக இருந்தால், சன்னம் குழாயை விட்டு நீங்குமுன்பே துவக்கு அசைந்து குறி குலைந்துவிடும். கலாஷ்னிக்கோவில் வாயு தள்ளும் தண்டு, பின்னே ஓடும் பாரமான தொகுதியுடன் ஒன்றாகப் பிணைந்தது. ட்ரகுனோவில் அது தனியாகப் பிரிக்கப்பட்ட ஓர் இலகுவான தண்டு, ஒரு சிறு தட்டுக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். இந்தச் சிக்கனத்தினால் ஏறக்குறைய இரண்டு கலைக் கோணத்துக்குள் சூடுகளை அடக்க முடிந்தது. அதாவது 600 மீற்றரில் சுமார் 35 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள். தொலைநோக்கியோடு சேர்ந்த நிறை 4.3 கிலோகிராம், கூட்டில் பத்து ரவை. அந்த ரவையோ 1891 இல் சார் மன்னரின் படைக்கென ஆக்கப்பட்ட, விளிம்பு புடைத்த பழைய ரவையின் வழித்தோன்றல். 1970 களின் நடுப்பகுதியில் குழாயின் திருகை, 320 மில்லிமீற்றருக்கு ஒரு சுற்று என்பதிலிருந்து 240 க்கு ஒரு சுற்றாக இறுக்கினார்கள். கவசத்தைத் துளைத்து எரிக்கும் பாரமான சன்னங்களையும் நேர்நிறுத்தவேண்டும் என்பது காரணம். அதன் பின் சாதாரணச் சன்னத்தின் குறி சற்றுத் தளர்ந்தது. தூய துல்லியத்தை விட எல்லாவற்றுக்கும் உதவும் தன்மையையே படைகள் எப்போதும் மேலாக மதிக்கும் என்பதற்கு இது ஒரு தெளிவான உதாரணம்.

இனி, நம் குடாநாட்டைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்து நிலம் இரண்டே தூரங்களால் ஆனது என்றால் மிகையாகாது. ஒன்று ஒழுங்கை: இருபுறமும் கிடுகு வேலியோ மதிலோ நிற்க, முப்பது அடிக்கு ஒரு முடக்குள்ள குறுகிய தூரம். மற்றது வெளி: வயலாயும் தரவையாயும் உவர்நிலமாயும், ஒரு மேடு கூடக் கண்ணை மறிக்காத நெடுந்தூரம். 1987 ஒக்டோபரில் சண்டை மூண்டபோது இந்திய அமைதிப்படையினர் ஏந்தி வந்த எஸ்.எல்.ஆர். என்னும் நீண்ட துவக்கு, வெளியிலே 600 மீற்றர் வரை அடிக்கவல்லதாயினும், ஒழுங்கையின் முடக்கில் எதிர்ப்பட்ட கலாஷ்னிக்கோவின் தொடர்ச்சூட்டுக்கு முன் தாமதித்தது. 1990 ஜூன் முதல் செப்டெம்பர் வரை கோட்டைக்குள் இலங்கைப் படையினர் முற்றுகையிடப்பட்டிருந்த மாதங்களில், ஒல்லாந்தர் வகுத்த அதே முற்றவெளி, இருதரப்பும் கடக்க அஞ்சிய வெறுநிலமாக மீண்டும் தன் பழைய தொழிலைச் செய்தது.

எனினும், இடைத்தூரத்தின் முழு ஆதிக்கத்தையும் கண்ட இடம் முகமாலை. 2000 ஏப்ரலில் ஆனையிறவு விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்தபின், கிளாலிக் கடனீரேரியிலிருந்து முகமாலை ஊடாக நாகர்கோவில் கடற்கரை வரை, குடாநாட்டின் கழுத்தைக் குறுக்கே அறுத்தாற்போல இரு மண் அணைகள் எதிரெதிரே எழுந்தன. 2002 இன் யுத்தநிறுத்தத்தில் ஏ-9 வீதி திறந்ததும், 2006 ஓகஸ்ட் 11 இல் சண்டை மூண்டு மீண்டும் அது மூடப்பட்டதும், 2009 ஜனவரி வரை அவ்வணைகள் அழியாமல் நின்றதும் எல்லோரும் அறிந்த சரித்திரம். காவலரண்களுக்கு இடையே கிடந்த சூனியப் பிரதேசம் பல இடங்களில் சில நூறு மீற்றர் அகலமே. ரி-56 க்குச் சற்று அதிகம், பீரங்கிக்கு மிகக் குறைவு. ட்ரகுனோவ் இனத்துத் துவக்குகளும், தொலைநோக்கி பொருத்திய பிற துவக்குகளும் இருதரப்பிலும் இருந்தன. பெருஞ்சமர் எதுவும் நிகழாத நாட்களிலும் 'சினைப்பர் அடி' என்ற இரண்டு சொற்களில் அறிவிக்கப்பட்ட மரணங்கள் அந்த வரிசையில் நிகழ்ந்துகொண்டே இருந்தன.

அந்த வெளியின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு, 600 மீற்றர் தூரத்துக்கு, ஒரு சன்னம் செல்வதாக வைத்துக்கொள்வோம். செக்கனுக்கு 830 மீற்றர் வேகத்தில், செக்கனுக்கு ஏறக்குறைய 3450 சுற்றுகள் சுழன்றபடி, 3300 யூல் சக்தியுடன் அது புறப்படுகிறது. ஆகாயம் இல்லாதிருந்தால் 0.72 செக்கனில் போய்ச் சேர்ந்திருக்கும். ஆகாயம் அதனை மறிக்கிறபடியால் வேகம் ஏறக்குறையப் பாதியாகி, சக்தி மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்து, ஏறத்தாழ ஒரு செக்கன் முடியும் வேளையில் சேருகிறது. அந்த ஒரு செக்கனுக்குள் பூமி அதனை நாலு மீற்றருக்கு மேல் கீழே இழுத்துவிடுகிறது. 300 மீற்றரில் இந்த வீழ்ச்சி 80 சென்ரிமீற்றர் மட்டுமே. தூரம் இரட்டிக்கும்போது வீழ்ச்சி ஐந்து மடங்கிற்கு மேலாகிறது. 300 மீற்றர் வரை எவனும் ஏறக்குறைய நேராகப் பிடித்துச் சுடலாம், அதற்கப்பால் கணக்கறிந்தவனே சுடலாம் என்னும் எல்லை இங்கேதான் பிறக்கிறது. ரி-56 முடிந்து குறிசூட்டாளனின் துவக்கு தொடங்கும் எல்லையும் இதுவே.

வீழ்ச்சியையாவது தூரம் தெரிந்தால் கணித்துவிடலாம். காற்று அவ்வளவு பணிவானதன்று. செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் வீசும் குறுக்குக் காற்று, ஒரு செக்கனில் சன்னத்தை 5 மீற்றர் தள்ளிவிடும் என்று முதலில் தோன்றும். உண்மையில் அது தள்ளுவது ஒரு மீற்றருக்குச் சற்று அதிகமாக மட்டுமே. இதன் விளக்கம், பௌதிகத்தில் எனக்கு மிகவும் பிரியமான விளக்கங்களுள் ஒன்று. ஆகாயத்தின் தடையினால் சன்னம் இழந்த நேரம் எவ்வளவோ, அந்த நேரத்துக்கு மாத்திரமே காற்று அதன்மேல் உரிமை கொண்டாடும். 0.72 செக்கனில் சேரவேண்டியது சுமார் 0.97 செக்கனில் சேர்ந்தது. இழந்தது கால் செக்கன். கால் செக்கனை 5 மீற்றரால் பெருக்கினால் ஒன்றேகால் மீற்றர். மறிக்கப்படாத சன்னத்தைக் காற்று தள்ளாது என்பது இதன் பொருள். வேகத்தை நன்கு தக்கவைத்துக்கொள்ளும், ஒடுங்கி நீண்ட, பாரமான சன்னங்களை இத்தகைய துவக்குகளுக்குத் தேர்ந்தெடுப்பதன் இரகசியமும் இதுவே.

முகமாலையில் இந்த விதி விசேஷமான கொடுமையுடன் வேலை செய்தது. ஆனையிறவிலிருந்து பளை, கொடிகாமம் வழியாக ஏ-9 வீதி வடமேற்கு நோக்கி ஓடுகிறது. அணைகள் அதற்குக் குறுக்கே நின்றமையால், சூடுகள் பொதுவாக வீதியின் போக்கிலேயே, வடமேற்கிலிருந்து தென்கிழக்குக்கும் தென்கிழக்கிலிருந்து வடமேற்குக்கும் சென்றன. வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் சோளகமோ தென்மேற்கிலிருந்து வருவது. மார்கழி, தை மாதங்களின் வாடை வடகிழக்கிலிருந்து வருவது. ஆகவே வருஷத்தின் பெரும்பகுதியில், குடாநாட்டின் இரு பெருங்காற்றுகளும் சூட்டுப் பாதையைச் செங்குத்தாகவே வெட்டின. முன்னும் பின்னும் வீசும் காற்றால் விளையும் பிழை அற்பம்; குறுக்கே வீசுவதால் விளைவதே பெரிது. அதிலும் இன்னொரு மயக்கம் உண்டு. காற்றை அளக்கக் கண்ணுக்குத் தென்படுவன பனையும் தென்னையும். பனையின் தலையோ பதினைந்து இருபது மீற்றர் உயரத்தில் ஆடுகிறது. சன்னம் செல்வதோ நிலத்திலிருந்து மனித உயரத்துக்குச் சற்று மேலும் கீழுமாக. நிலத்தோடு உரசும் காற்று வேகம் குன்றி ஓடுவதால், ஓலையின் ஆட்டத்தை நம்பியவன் காற்றை மிகையாக மதித்துவிடுவான். நிலமட்டக் காற்றை உள்ளபடி காட்டுவது கானல்தான். சுடுமணலின்மேல் அலையலையாக எழும் வெப்பக் காற்று ஒளியை வளைத்து ஆடச்செய்கிறது. அந்த அலை சாயும் பக்கத்தையும் சாய்வின் அளவையும் கொண்டு காற்றின் திசையையும் ஏறக்குறைய வேகத்தையும் அறியலாம். ஆனால் அதே கானல் இலக்கின் உருவத்தையும் நடுங்கச் செய்வதனால், சித்திரை மாதத்து நடுப்பகலில் நல்ல தொலைநோக்கியும் பாதிக் குருடாகிவிடும்.

நம் உஷ்ணம் சன்னத்துக்கு ஓர் உதவியும் செய்கிறது. 32 பாகை வெப்பத்தில் உள்ள காற்று, 15 பாகைக் காற்றைவிட ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு பங்கு ஐதானது. ஈரக்காற்று பாரமானது என்பது பலருடைய அபிப்பிராயம். நீராவியின் மூலக்கூறு காற்றின் சராசரி மூலக்கூறைவிட இலேசானதால், ஈரம் மிகுந்த கடற்கரைக் காற்று உண்மையில் இன்னும் சிறிது ஐதாகவே இருக்கும். பூமியின் சுழற்சியும் தன் பங்கைச் செலுத்தாமல் விடுவதில்லை. 1835 இல் கொரியோலிஸ் விளக்கிய அந்த விளைவினால், மொஸ்கோவில் 600 மீற்றருக்கு மூன்றரைச் சென்ரிமீற்றர் பக்கவாட்டில் விலகும் சன்னம், பூமத்தியரேகைக்கு அண்மையிலுள்ள யாழ்ப்பாணத்தில் ஒரு சென்ரிமீற்றரும் விலகாது. அதற்குப் பதிலாக இங்கே, நேர் கிழக்கே சுட்டால் நாலு சென்ரிமீற்றர் உயர்ந்தும், மேற்கே சுட்டால் அவ்வளவு தாழ்ந்தும் படும். சோளகம் தள்ளும் ஒரு மீற்றரின் முன்னே இவை கணக்கில் எடுக்கத் தேவையற்றவையாயினும், நம் ஊரின் அகலாங்கு ஒரு சன்னத்தின் பாதையில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை அறிவதில் விஞ்ஞான மாணவனுக்கு ஒரு வியப்பு உண்டு.

சுடப்பட்டவர்களின் பக்கத்துப் பௌதிகம் வேறு. சன்னம் ஒலியை முந்திச் செல்கிறது. நம் வெப்பத்தில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 350 மீற்றர். 600 மீற்றர் அப்பால் வெடித்த துவக்கின் ஓசை 1.7 செக்கன் கழித்தே காதில் விழும், சன்னமோ ஒரு செக்கனில் வந்துவிடும். ஆனால் சன்னம் மௌனமாக வருவதில்லை. ஒலியை மிஞ்சும் பொருள் தன் மூக்கிலிருந்து கூம்பு வடிவான ஓர் அதிர்ச்சி அலையை இழுத்துச் செல்லும் என்பதை 1887 இல் ஏர்ண்ஸ்ட் மாக் புகைப்படம் எடுத்தே நிரூபித்தார். அந்தக் கூம்பின் விளிம்பு நம்மைக் கடக்கும்போது 'படீர்' என்று சவுக்கடி போன்ற ஒரு வெடிப்பு. பின்னர், முக்கால் செக்கனளவு கழித்து, தூரத்தே 'டும்' என்று துவக்கின் உண்மையான குரல். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரம் நீளநீளத் தூரமும் அதிகம். இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்காமலே செவியால் கற்றுக்கொண்ட தலைமுறை ஒன்று நம்மிடையே உண்டு.

அந்தக் கூம்பில் ஒரு வஞ்சனையும் இருக்கிறது. அதிர்ச்சி அலை துவக்கிலிருந்து வருவதன்று. சன்னத்தின் பாதையில், நமக்குப் பக்கத்தே உள்ள ஒரு புள்ளியிலிருந்து சாய்வாக வருவது. ஆதலால் முதல் ஓசையைக் கேட்டவரின் காது, சுட்டவன் இருக்கும் திசையை விட்டுப் பக்கவாட்டிலுள்ள பனங்கூடலையோ மதிலையோ காட்டும். மதிலில் பட்டுத் தெறித்த எதிரொலி இன்னொரு திசையையும் சேர்த்துக் காட்டும். ஆபத்திலிருந்து ஓடுவதாக எண்ணி ஆபத்தை நோக்கியே ஓடிய மனிதர்களைப் பற்றிக் கேட்கும்போது, அவர்கள் மதி மயங்கினார்கள் என்று சொல்லிவிடக்கூடாது. அவர்களுடைய செவி சரியாகவே கேட்டது. அலையின் வடிவந்தான் அவர்களை ஏமாற்றியது.

சுடுபவனின் கண்ணையும் கவனிக்கவேண்டும். ட்ரகுனோவுக்கென அமைந்த தொலைநோக்கி நான்கு மடங்கு பெருக்கிக் காட்டுவது. அதாவது 600 மீற்றரில் நிற்பவன் 150 மீற்றரில் நிற்பதுபோல் தோன்றுவான். அதன் கண்ணாடியில் ஒரு வளைகோடு கீறப்பட்டிருக்கிறது. 1.7 மீற்றர் உயரமான மனிதனின் காலைக் கீழ்க்கோட்டிலும் தலையை வளைகோட்டிலும் பொருத்தினால், அங்கே எழுதிய இலக்கம் தூரத்தைச் சொல்லும். ஒத்த முக்கோணங்களின் கேத்திரகணிதம், அவ்வளவே. ஆனால் 1.6 மீற்றர் உயரமான ஒருவன் 600 மீற்றரில் நின்றால், அக்கோடு 640 என்று பொய் சொல்லும். அந்தப் பொய்யை நம்பிச் சுட்ட சன்னம் நாற்பது சென்ரிமீற்றர் உயரமாகச் செல்லும். 1.7 மீற்றர் மனிதனை அளவாகக் கொண்ட கருவிக்கு எங்கள் ஊர் மனிதனின் உயரம் தெரியாது.

அது அறியாத வேறொன்றும் உண்டு. 150 மீற்றரில் நிற்பவனுடைய நடையும், தோளின் சாய்வும், கையில் ஏதோ இருக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். கையில் இருப்பது துவக்கா மண்வெட்டியா என்பது எப்போதும் தெரிவதில்லை. தொடர்ச்சூட்டில் சாகிறவனைச் சுட்டவன் பெரும்பாலும் அறியான். இங்கேயோ ஒருவன் இன்னொருவனைப் பலரிலிருந்து பிரித்தெடுத்து, சில செக்கன்கள் அவனையே பார்த்திருந்து, பின்பு தீர்மானிக்கிறான். அணைக்கு மேலே தலை நீட்டியதற்காகவும், தண்ணீர் அள்ளப் போனதற்காகவும் மாண்ட இருதரப்பு இளைஞர்களை நினைக்கையில், இத்தனை நுட்பமான அறிவு இந்தக் காரியத்துக்குப் போய்ச் சேர்ந்ததே என்ற துயரத்தை என்னால் மறைக்க இயலவில்லை.

300 க்கும் 800 மீற்றருக்கும் இடையே சோவியத் படை முதலில் உணர்ந்த அந்த இடைவெளியைப் பிற தேசங்கள் பின்னரே உணர்ந்தன. ஆப்கானிஸ்தானத்தின் பள்ளத்தாக்குகளில், மறு சரிவிலிருந்து பழைய பெரிய ரவைகளால் தாக்கப்பட்டபோது, தம்முடைய 5.56 மில்லிமீற்றர்த் துவக்குகள் அவ்வளவு தூரம் பயன்படா என்று கண்ட அமெரிக்கர் களஞ்சியத்திலிருந்த எம்-14 ஐத் தூசி தட்டி எடுத்தனர். பிரித்தானியர் 2010 அளவில் எல்-129 என்னும் 7.62 மில்லிமீற்றர்த் துவக்கை வாங்கிப் பிரிவுகளுக்குள் வைத்தனர். இந்தியப் படையில் ட்ரகுனோவ் நெடுங்காலம் இப்பணியைச் செய்தது. உருவங்கள் வேறாயினும், தீர்க்க முயன்ற பிரச்சினை ஒன்றே.

முகமாலைச் சூனியப் பிரதேசத்தில் இன்று சூடு இல்லை. ரயில் பாதை 2014 இல் பளைக்கும் பின்பு யாழ்ப்பாணத்துக்கும் மீண்டபின், யாழ்தேவி அவ்வழியாகவே ஓடுகிறது. பாதையின் இருமருங்கும் ஹலோ ட்ரஸ்ட் முதலிய நிறுவனங்களின் பணியாளர்கள், எங்கள் பெண்கள் பலர் உட்பட, மிதிவெடி அகற்ற முழந்தாளிட்டு நிலத்தைக் கிளறி வந்திருக்கிறார்கள். ருஷிய, சீன ரவைகளின் சன்னங்கள் பலவற்றின் உள்ளே மென்னிரும்புக் கரு உண்டு. மணல் சன்னத்தை மிகக் குறுகிய ஆழத்திலேயே நிறுத்திவிடும் பொருளாதலால், அவை அணைகளின் மேற்பரப்பை ஒட்டியே ஆயிரக்கணக்கில் தங்கிவிட்டன. அங்கே புதைந்த மிதிவெடிகள் பலவற்றின் உடல் பிளாஸ்டிக்; உள்ளே இருக்கும் உலோகமோ ஒரு சிறு துண்டு மாத்திரம். அந்தத் துண்டுக்காக நுண்மையாகத் திருப்பி வைக்கப்பட்ட உலோகங்காட்டி, சன்னத்தைக் கண்டாலும் அதே குரலில் கூவுகிறது. எது எதுவென்று அதற்குத் தெரியாதபடியால், பணியாளர் ஒவ்வொரு கூவலுக்கும் நின்று, பக்கவாட்டிலிருந்து கையளவு கருவியால் மண்ணைச் சுரண்டி, வருவது சன்னமாயினும் மிதிவெடிக்குரிய அதே பொறுமையோடு அதனை வெளியே எடுக்கவேண்டியிருக்கிறது.